தினம் பத்து ஆசீர்வாதம் எழுதியும் மனம் வறண்டு கிடக்கிறது, நான் நன்றிகெட்டவளா?

ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இது. யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடத்துக்கு முன் அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுபோனது. அன்றிலிருந்து அம்மா இவர் வீட்டில்தான். காலையில் அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஒருவர் வருகிறார். மாலையில் மறுபடியும் அதே ஓட்டம். அண்ணன் ஒருவர் உண்டு. மாதம் ஒருமுறை வருவார், "நீ கொடுத்துவைத்தவள், அம்மாவுக்குச் செய்யும் பாக்கியம் உனக்குத்தான் கிடைத்திருக்கிறது" என்பார், போய்விடுவார்.

சபையில் பெண்கள் கூடுகையில், தினமும் 10 ஆசீர்வாதங்களை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சகோதரி புது நோட்டு ஒன்று வாங்கி ஆரம்பித்தார். முதல் வாரம் மனம் லேசாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் வீடு, பிள்ளைகள், சுகம், வேலை என்று அதையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். ஒரு இரவு தேதியை மட்டும் எழுதினார், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை, அழுதுகொண்டே நோட்டை மூடிவிட்டார். அம்மாவே இல்லாதவர்களை நினைத்தாவது நன்றி சொல்லப் பார்க்கிறார், அதுவும் ஒட்டவில்லை. சபையில் மூத்த சகோதரி ஒருவர், "முறுமுறுப்பு இருக்கும் இடத்தில் ஆசீர்வாதம் தங்காது. அம்மாவின் வியாதிக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லு" என்றாராம். கணவரோ, அமைதியாக உட்கார்ந்து கவனிப்பதெல்லாம் வேறு மார்க்கத்துத் தியானம், நமக்கு வேண்டாம் என்கிறாராம். "நான் நன்றிகெட்டவளா? என் விசுவாசம் செத்துவிட்டதா? நோட்டைத் தொடர்வதா, தூக்கிப் போடுவதா? நிதானமாக இரு என்கிறார்கள், எனக்கு எந்த நேரத்தில் நிதானம்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில், காலையில் நேரம் எப்படிப் போகிறது என்று கணக்குச் சொல்லும் இடத்தில், ஒரு வரி இருக்கிறது. ஈரத்துணியால் முகம் துடைக்கும்போது அம்மா துணியை எடுக்கவிடாமல் கன்னத்தை அதிலேயே சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார், அதனாலேயே தாமதமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாகத்தான் எழுதினீர்கள். ஆனால் பேச முடியாத ஒரு தாய், தன் மகளின் கையில் இருக்கும் துணியில் கன்னத்தைச் சாய்க்கிறார். நீங்கள் அவசரத்தில் இருந்தும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு எழுதும் அளவுக்கு அது உங்கள் மனதில் தங்கியும் இருக்கிறது. உங்கள் நோட்டின் பத்துப் பத்து வரிகளில் அது ஒருநாளாவது வந்திருக்குமா என்று யோசித்தேன். வந்திருக்காது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் "ஆசீர்வாதம்" என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டியது இது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டியல் ஏன் வறண்டது

உங்கள் விசுவாசத்தில் காரணம் தேடாதீர்கள். ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் அதற்குப் பழகிவிடும். நல்லதுக்கும் அப்படித்தான். நன்றியை எழுதிப் பழகுவது பற்றி ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதியில், வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து காரியங்களை 10 வாரம் எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாக உணர்ந்தார்கள். 2005இல் சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களிடம் தெரிந்த மாற்றம் வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் தெரியவில்லை. நீங்கள் எழுதியதோ வாரத்துக்கு 70. வறண்டுபோகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் இந்தப் பணிக்கு வந்த புதிதில் நானும் எல்லோருக்கும் பட்டியல்தான் எழுதச் சொன்னேன். மனைவியை இழந்த ஒரு பெரியவர் ஒரு மாதம் தவறாமல் எழுதிக் கொண்டுவந்தார். அழகான கையெழுத்து, ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டிருந்தார். "இதில் எதை எழுதும்போது உங்களுக்கு உள்ளே ஏதாவது அசைந்தது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பக்கங்களைப் புரட்டினார். அப்புறம் நோட்டை மூடி வைத்துவிட்டு, "பக்கத்து வீட்டுக் குழந்தை காலையில் படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே இறங்கும். அந்தச் சத்தத்துக்காக நான் கதவுப் பக்கம் போய் நிற்பேன்" என்றார். அது நோட்டில் எங்கேயும் இல்லை. அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் எண்ணிக்கை கொடுப்பதில்லை.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுகமாகிறார்கள். ஒருவன்தான் திரும்பி வருகிறான். அவன் நன்றியுள்ளவன், மற்ற ஒன்பது பேர் நன்றிகெட்டவர்கள் என்றுதான் பிரசங்கங்களில் கேட்கிறோம். வசனத்தை மெதுவாக வாசியுங்கள். "தான் ஆரோக்கியமானதைக் கண்டு" திரும்பி வந்தான் என்று இருக்கிறது. பத்துப் பேரும் நடந்துகொண்டிருந்தார்கள், போகையில்தான் சுத்தமானார்கள். ஒருவன் தன் தோலைப் பார்த்தான், நின்றான், திரும்பினான். ஸ்தோத்திரம் அதற்குப் பிறகு வந்தது. உங்கள் நோட்டு பார்ப்பதற்கு இடம் கொடுக்காமல் நேரே ஸ்தோத்திரத்தைக் கேட்டது.

அப்புறம், அம்மா இல்லாதவர்களை நினைத்து நன்றி சொல்லப் பார்த்தேன் என்கிறீர்களே, அது ஒட்டாமல் போனதில் எனக்கு ஒரு வகையில் நிம்மதி. மற்றவரின் குறையைக் காட்டி நன்றி சொல்வது வேதத்தில் ஒரு இடத்தில் வருகிறது. லூக்கா 18இல் பரிசேயன், நான் மற்ற மனுஷரைப்போல இல்லை என்பதற்காக ஸ்தோத்திரம் சொல்கிறான். அவன் நீதிமானாக வீடு திரும்பவில்லை. இன்னொருவரின் இழப்பை வைத்து உங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

எவ்வளவு நேரம் வேண்டும்

நிதானம் என்றவுடன் ஒரு மணி நேரத் தனிமையும் மூடிய அறையும் உங்கள் கண்முன் வருகின்றன. அது கிடைத்தால் நல்லதுதான். மாற்கு 6இல் இயேசுவே சீஷர்களை "சற்றே இளைப்பாறும்படி" வனாந்தரமான இடத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே போய் இறங்கும்போது ஜனக்கூட்டம் ஏற்கனவே வந்து நிற்கிறது! உங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஆகவே புதிதாக நேரம் ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஏற்கனவே செய்கிற வேலையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் முகம் துடைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அம்மா கன்னத்தைச் சாய்க்கும்போது துணியை இழுக்காமல், ஒரு சின்ன வசனத்தை மனதுக்குள் சொல்லும் நேரம் அப்படியே விடுங்கள். முப்பது வினாடிகூட ஆகாது. என்ன தெரிகிறதோ அதைப் பாருங்கள்: இமை, நெற்றிச் சுருக்கம், உங்கள் கையில் தெரியும் அந்த முகத்தின் கனம். "ஆண்டவரே, இதைப் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். நன்றி வந்தால் நன்றி சொல்லுங்கள். வராவிட்டால், "இன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். அதுவும் ஜெபம்தான்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி இருந்தார். பல வருடம் மடத்துச் சமையலறையில் வேலை. வேலை நேரமும் ஜெப நேரமும் தமக்கு வேறு வேறாக இல்லை என்று அவர் சொன்னது அவரோடு பேசிய ஒருவர் எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பழக்கம் தமக்குக் கைகூடப் பல வருடம் பிடித்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் மூன்று வாரத்தில் உங்களைத் தோற்றவள் என்று தீர்த்துவிட்டீர்கள்.

வியாதிக்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிறுத்திப் பதில் சொல்கிறேன், உங்களை அதிகமாகக் காயப்படுத்தியது இதுதான் என்று தோன்றுகிறது.

அந்த மூத்த சகோதரி மனதில் வைத்திருந்தது 1 தெசலோனிக்கேயர் 5:18 ஆக இருக்கலாம். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறது அது. "எல்லாவற்றிலேயும்" என்பதைக் கவனியுங்கள். வியாதி நடக்கும் வீட்டுக்குள் இருந்துகொண்டே ஸ்தோத்திரம் சொல்ல ஏதோ ஒன்று உண்டு என்று அதைப் புரிந்துகொள்ளலாம், வியாதியையே பரிசாக ஏற்றுக்கொள் என்று அங்கே இல்லை. எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று வருகிறதே என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் அதற்கு லாசருவின் கல்லறையைத்தான் காட்டுவேன். யோவான் 11:35இல் இயேசு கண்ணீர் விடுகிறார். ஆறு வசனம் தள்ளி, 41இல், பிதாவை ஸ்தோத்திரிக்கிறார். எதற்காக? நீர் எனக்குச் செவிகொடுத்தீரே என்பதற்காக. லாசரு செத்ததற்காக அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மரணத்தைப் பார்த்து அழுதார், பிதாவைப் பார்த்து நன்றி சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்து, ஈரம் காயாத கண்ணோடு செய்தார். அவர் செய்யாத ஒன்றை உங்களிடம் யாரும் கேட்க வேண்டாம்.

முறுமுறுப்பையும் புலம்பலையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தது மோசேக்கு விரோதமாகவும், தங்கள் கூடாரங்களுக்குள்ளேயும். சங்கீதக்காரன் புலம்புவது கர்த்தருடைய முகத்துக்கு நேரே. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தான். 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது, ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடுகிறது. 88ஆம் சங்கீதம் கடைசிவரை அப்படி வருவதே இல்லை, நம்பிக்கையான ஒரு வரியில்கூட முடியாமல் நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் அழுகையினால் ஆசீர்வாதம் நின்றுபோகும் என்று பயப்படாதீர்கள். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறவர் என்று மத்தேயு 5:45 சொல்கிற பிதா, ஒரு களைத்த மகள் விம்மியதற்காகக் கையை இழுத்துக்கொள்ளமாட்டார்.

கணவரின் தயக்கம்

உங்கள் கணவருடன் சண்டை போட வேண்டாம், அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆதியாகமம் 24:63ஐ அவரோடு சேர்ந்து வாசியுங்கள். ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியிலே போயிருக்கிறான். கவலைப்படாதிருங்கள் என்று சொன்ன கையோடு இயேசு ஆகாயத்துப் பட்சிகளையும் காட்டுப் புஷ்பங்களையும் "கவனித்துப்பாருங்கள்" என்கிறார், மத்தேயு 6இல் இரண்டு முறை. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த அன்றாட ஆத்தும சோதனையில் முதல் படியே பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வதுதான், பாவத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான். மனதை வெறுமையாக்க யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஒன்றைப் பார்க்கிறீர்கள், கொடுத்தவரிடம் அதைச் சொல்கிறீர்கள். இதில் அவரும் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

அண்ணனிடம் பேசுங்கள்

நன்றி என்ற பேரில் உங்கள் வாய் அடைக்கப்படுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அம்மாவுக்குச் செய்வது பாக்கியம்தான். அப்படியானால் அந்தப் பாக்கியத்தில் அண்ணனுக்கும் பங்கு உண்டே. யாத்திராகமம் 18இல் மோசே காலைமுதல் மாலைவரை ஜனங்களுக்கு நியாயம் விசாரிப்பதைப் பார்த்த அவன் மாமன், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறான். நீர் ஒருவராய்ச் செய்ய உம்மாலே கூடாது, தொய்ந்துபோவீர் என்கிறான். மோசே அதைக் கேட்டான். அந்தப் பேச்சைக் கேட்டதற்காக வேதம் மோசேயின் விசுவாசத்தைக் குறைத்துப் பேசவில்லை.

பொதுவாக "உதவி செய்" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள். வாரத்தில் ஒரு முழு மாலையும் இரவும் அம்மாவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு அவரால் முடியவே முடியாது என்றால், பகலில் வருகிறவரைக் கூடுதல் நேரம் இருக்கவைக்கும் செலவை அவர் ஏற்கட்டும். அவர் கோபித்துக்கொள்ளலாம். சில நாள் பேசாமலும் இருக்கலாம். அந்தச் சங்கடத்தையும் எடைபோட்டுத்தான் சொல்கிறேன், இன்னும் ஒரு வருடம் நீங்கள் இப்படியே ஓடினால் வரப்போகும் இழப்பு அதைவிடப் பெரியது.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை, பிள்ளைகளோடு சிரிப்பதுகூடக் கடமைபோல ஆகிவிட்டது என்று கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவர்கள் அதை மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று பரிசோதிப்பார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. நன்றி நோட்டு அதற்கு மருந்தாகாது, அந்த நிலையில் ஒருவரைப் பட்டியல் எழுதவைத்தால் குற்ற உணர்வுதான் கூடும், உங்களுக்கு நடந்ததைப் போல. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். இல்லாமலே போய்விட்டால் தேவலை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் வாரக்கணக்கு பார்க்காமல் அன்றே கணவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எலியாவும் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டவன்தான். 1 இராஜாக்கள் 19இல் தேவதூதன் அவனுக்குப் போதனை எதுவும் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிடவைத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். அமர்ந்த மெல்லிய சத்தம் எலியாவின் காதில் விழுந்தது, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

அந்த நோட்டை என்ன செய்யலாம்

தூக்கிப் போட்டால் இன்றைக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் "தோற்றுப்போனேன்" என்ற எண்ணம் தங்கிவிடும். பழையபடி தொடர்ந்தால் அது இன்னொரு வேலையாகிவிடும், உங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு மாதம் அதைத் தொடவே வேண்டாம். உடம்பும் தூக்கமும் கொஞ்சம் தேறட்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறங்கள். ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் "பிள்ளைகள்" என்று எழுதாதீர்கள். எந்த நாள், எந்தப் பிள்ளை, என்ன செய்தது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. பேச்சு நின்றுபோனவர்களில் பலருக்குப் புரிந்துகொள்ளும் திறன் ஓரளவாவது மிஞ்சியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு எப்படி என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், பேச்சுப் பயிற்சியால் பயன் உண்டா என்றும் விசாரியுங்கள். அதற்கிடையில், கர்த்தரிடம் சொல்கிற நன்றியில் ஒரு பங்கை அம்மாவிடமே, அவர் காதில் விழும்படி, சத்தமாகச் சொல்லுங்கள்.

தேதி மட்டும் எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் வரியை அதில் எழுதிவையுங்கள், அந்த இரவுக்கு அதுதான் பொருத்தமான ஜெபம். அடுத்த பக்கத்துக்கான வரியை நீங்களே எழுதி எனக்கு அனுப்பிவிட்டீர்கள். உங்களிடம் நகல் இல்லாமல் இருக்கலாம் என்பதால் அப்படியே திருப்பித் தருகிறேன்: "முகம் துடைத்து முடித்தாலும் அம்மா துணியை விடமாட்டார்கள், கன்னத்தை அதிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள், நானும் அப்படியே நின்றுவிடுவேன்."